கார் பதிவு: இணையத்தில் முடிக்கலாமா, அலுவலகத்துக்கே போக வேண்டுமா?

ஆதிரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். போன வாரம் ஒரு பழைய கார் பேசி முடித்தேன். டீலரிடம் இல்லை, நேரடியாக ஒரு குடும்பத்தாரிடம். அவர்கள் இந்த மாதக் கடைசியில் வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். பதினோரு வருடம் வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்திருக்கிறார்கள். சர்வீஸ் ரசீதுகள் ஒன்றுவிடாமல் கோப்பில் இருக்கின்றன. பாதித் தொகை கொடுத்துவிட்டேன். மீதி, பெயர் மாறிய பிறகு என்று பேச்சு.

பெயர் மாற்றத்துக்கு இணையதளத்தில் பார்த்தால் நான்கே படிகள் என்று போட்டிருக்கிறது. என் அண்ணனோ, "வண்டி விஷயத்தில் நேரில் போய் முத்திரை வாங்கினால்தான் நிம்மதி" என்கிறார். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன். அலுவலகம் திறந்திருக்கும் நேரம்தான் எனக்குத் தூங்கும் நேரம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் போகிறேன். இரண்டு வழியிலும் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முகிலன்

இணையம்தான், யோசிக்கவே வேண்டாம். இந்த ஆண்டு என் வண்டியின் பதிவைக் கைப்பேசியிலேயே புதுப்பித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வரிசை இல்லை, டோக்கன் இல்லை, "அந்தக் கவுன்டருக்குப் போங்கள்" இல்லை.

செந்தூரன்

முகிலன், நீங்கள் செய்தது புதுப்பித்தல். வண்டி அதே வண்டி, உரிமையாளர் அதே உரிமையாளர். உங்களைப் பற்றி அரசிடம் ஏற்கெனவே இருக்கும் குறிப்புக்கு ஒரு தேதியை மாற்றினார்கள், அவ்வளவுதான். அதற்கு நேரில் போவது வீண் அலைச்சல் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முகவரி மாற்றம், தொலைந்த சான்றிதழுக்கு நகல், வரி கட்டுவது எல்லாமே இந்த வகைதான். ஷோரூமில் புதிய கார் வாங்கினாலும் பெரும்பாலும் டீலரே இணையத்தில் பதிவு செய்து கொடுத்துவிடுகிறார்.

ஆதிரை கேட்பது தனியாள் ஒருவரிடம் வாங்கிய பழைய காருக்கு. அங்கே வண்டி கைமாறுகிறது, ஆள் மாறுகிறார், சில வேளைகளில் கடனும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆதிரை, முதலில் ஒன்று கேட்கிறேன். சான்றிதழில் வங்கியின் பெயர் அடைமானமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வந்து, அந்தக் குறிப்பும் பதிவேட்டிலிருந்து நீங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். விற்பவர் "கடனெல்லாம் எப்போதோ கட்டியாகிவிட்டது" என்று உண்மையாகவே சொல்லலாம். கட்டி முடித்தவர்களில் பலர் அந்தக் குறிப்பை நீக்க மறந்துவிடுகிறார்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் அது அந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆதிரை

பார்த்துவிட்டேன் செந்தூரன். அடைமானக் குறிப்பு இல்லை. ரொக்கத்துக்கு வாங்கிய வண்டியாம்.

தேன்மொழி

முகிலனின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். வண்டி அவர் பெயரில் இருக்கிறது. முன்பெல்லாம் எந்த மாற்றத்துக்கும் அவரே வந்து கையெழுத்திட வேண்டும் என்பார்கள். அலுவலகம் இருந்ததோ முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவோம். எல்லாரும் பார்ப்பார்கள். அம்மா புடவை முந்தானையை இழுத்துப் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போட அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்காக அவர் பட்ட கூச்சத்தை நான் மறக்கவே மாட்டேன்.

கடந்த முறை வீட்டிலேயே, தன் கையாலேயே, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அம்மா விண்ணப்பித்தார். இணையச் சேவையை வெறும் வசதி என்று பேசுபவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியதம்பி

தேன்மொழி, படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு.

அப்பா பழைய ஜீப் ஒன்று வாங்கினார். அவரிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. இணையத்தில் விண்ணப்பிக்க நான் உட்கார்ந்தேன். வண்டி எண், சேஸிஸ் எண்ணின் (வண்டியிலேயே பொறித்திருக்கும் அடையாள எண்) கடைசி இலக்கங்கள் எல்லாம் கொடுத்தேன். அடுத்து ஒருமுறைக் கடவுச்சொல் கேட்டது. எங்களுக்கு எதுவும் வரவில்லை. நான்கு முறை முயன்ற பிறகுதான் உறைத்தது: பதிவேட்டில் இருப்பது வண்டியைப் பழைய உரிமையாளருக்கு விற்ற ஏஜென்டின் எண். விற்றவருக்கே அது தெரியாது. அந்த ஏஜென்ட் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கடைசியில் கைப்பேசி எண்ணை மாற்றுவதற்காகவே அலுவலகத்துக்குப் போனோம். போன இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துக்கொண்டு வந்தோம். ஆதிரை, விற்பவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் அவருடைய எண்தான் பதிவேட்டில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போன பிறகு அந்த எண்ணையே அவர் ரத்து செய்துவிடுவார்.

மைக்கூடு

வாகனப் பதிவு அலுவலகத்தில் நீண்ட காலம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாளிலும் எழுதியிருக்கிறேன், கணினி வந்த பிறகு திரையிலும் தட்டியிருக்கிறேன்.

பெயர் மாற்றத்தில் ஒத்துப்போக வேண்டியவை மூன்று: தாள், வண்டி, ஆள். இணையதளம் தாளைப் பார்க்கும். அடையாள அட்டை வழியாக, கடவுச்சொல் வழியாக ஆளையும் ஓரளவு பார்க்கும். வண்டியைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. நீங்கள் தட்டிய எண்ணும் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று மட்டும் ஒப்பிடும். இரண்டும் ஒரே தவறைச் சுமந்துகொண்டிருந்தால் "சரி" என்றுதான் சொல்லும்.

சேஸிஸ் எண் என்பது பதினேழு குறிகள் கொண்டது. 1980களின் தொடக்கத்திலிருந்து உலகின் பெரும்பாலான கார்களுக்கு இதுதான் முறை. முதல் மூன்று குறிகள் எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்தது என்று சொல்லும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் அதில் சேர்க்கவே மாட்டார்கள். 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால்தான். இவ்வளவு முன்யோசனையோடு வகுத்தவர்கள் எஸ் என்ற எழுத்தை விட்டுவைத்தார்கள், அது 5 போலவே இருக்கும். பி 8 போல இருக்கும். இசட் 2 போல இருக்கும். மங்கலான ரசீதைப் பார்த்து, மாலை ஐந்து மணிக்கு, அன்றைய நூறாவது கோப்பைத் தட்டுகிறவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானே தவறாகத் தட்டியிருக்கிறேன். அதன் பலனை வேறு யாரோ ஒருவர் பல ஆண்டுகள் கழித்துச் சுமந்திருப்பார் என்ற நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

ஆதிரை, எந்த வழியில் போவது என்பதை அப்புறம் பார்க்கலாம். இன்று ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். ஓட்டுநர் பக்க முன்கண்ணாடியின் கீழ் மூலையில், டாஷ்போர்டின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கலாம். கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கலாம். வண்டியின் இரும்புச் சட்டத்திலேயே பொறித்த எண் எஞ்சின் அறையின் பின்சுவரிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். வண்டியின் கையேட்டில் இடம் போட்டிருப்பார்கள். மூன்றையும் சான்றிதழோடு ஒவ்வொரு குறியாக, வாய்விட்டுச் சொல்லி ஒப்பிடுங்கள். கண் மட்டும் பார்த்தால் தான் எதிர்பார்ப்பதையே படித்துவிடும்.

பொறித்த எண்ணை மட்டும் இங்கே முழுதாகப் பதிவிட்டுவிடாதீர்கள். சான்றிதழின் படத்தையும் போட வேண்டாம். களவு வண்டிக்கு நல்ல எண் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் பொறுக்குகிறார்கள்.

கடல்கடந்தவன்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வேலை நிமித்தம் சில நாடுகளில் வாழ்ந்து வண்டி வாங்கி விற்றிருக்கிறேன். "இணையத்தில் செய்யலாமா" என்ற கேள்விக்குள் "பதிவு என்றால் அந்த நாட்டில் என்ன பொருள்" என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

பிரிட்டனில் பதிவுச் சான்றிதழ் உரிமைச் சான்றே கிடையாது. வண்டியைப் பொறுப்பாக வைத்திருப்பவர் யார் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அந்தத் தாளிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். விற்பவர் சான்றிதழில் உள்ள குறிப்பு எண்ணை இணையத்தில் இட்டு, வாங்கியவரின் பெயரைத் தெரிவித்தால் போதும். எளிமைதான். ஆனால் வண்டி உண்மையில் யாருடையது என்பதை நீங்கள்தான் ரசீதோடு நிலைநாட்ட வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் உரிமைப் பத்திரம் வேறு, பதிவு வேறு. பதிவை இணையத்தில் புதுப்பித்துவிட்டு, உரிமைப் பத்திரத்தில் முன்னவர் கையெழுத்து வாங்காமல் விட்டுவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜெர்மனியில் 2023 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து முழுப் பதிவையும் இணையத்தில் செய்து உடனே வண்டியைச் சாலையில் எடுக்கலாம். நம்பர் பிளேட்டில் ஒட்டும் முத்திரை வில்லை அஞ்சலில் வரும்வரை பத்து நாள் அனுமதி. அதற்கு அடையாள அட்டையின் மின்னணு வசதி இயங்க வேண்டும். சான்றிதழில் மறைத்து வைத்திருக்கும் பாதுகாப்புக் குறியீட்டைத் திறந்து எடுத்துத் தட்ட வேண்டும். அந்தக் குறியீடு தாளில் இருப்பதால், தாள் யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் விண்ணப்பிக்க முடியும். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

இந்தியாவில் 2022 செப்டம்பரில் 58 சேவைகளை, பெயர் மாற்றம் உட்பட, ஆதார் சரிபார்ப்புடன் அலுவலகம் போகாமலே பெறலாம் என்று அறிவித்தார்கள். அங்கே சான்றிதழில் பெயர் இருப்பவரைத்தான் சட்டம் உரிமையாளராகப் பார்க்கிறது. வண்டியை விற்ற பிறகும் பதிவேட்டில் பெயர் மாறவில்லை என்றால், விபத்து இழப்பீட்டுக்குப் பழைய பெயருக்கு உரியவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்திருக்கிறது.

செந்தூரன்

அந்தக் கடைசி வரியை விற்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டும். நான் ஒரு வண்டியை விற்றேன். வாங்கியவர், "நானே இணையத்தில் பெயர் மாற்றிக்கொள்கிறேன், உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்" என்றார். பண்பாகப் பேசினார். நம்பினேன். ஏழு மாதம் கழித்து, நான் கால் வைத்தே இராத ஊர் ஒன்றிலிருந்து வேக மீறல் அபராதம் என் பெயருக்கு வந்தது. பிறகு இன்னொன்று. அவர் விண்ணப்பத்தைத் தொடங்கியிருக்கிறார். ஒரு ஆவணத்தின் ஸ்கேன் மங்கல் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அப்படியே விட்டுவிட்டார். திரையில் "பரிசீலனையில்" என்றே நின்றிருக்கிறது.

கவுன்டரில் என்றால் இருவரும் ஒன்றாகப் போயிருப்போம், ஒன்றாக ஒப்புகைச் சீட்டோடு வந்திருப்போம். இணையத்தில் விண்ணப்பிப்பதும் முடிவதும் ஒன்றல்ல. "வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தால் மூடிவிட்டு எழுந்துவிடுகிறோம். அது தபால் பெட்டியில் கடிதம் விழுந்த ஓசை. பதில் வந்துவிட்டதாக ஆகாது.

முகிலன்

செந்தூரன், நீங்கள் சொன்னபடி புதுப்பித்தலையும் பெயர் மாற்றத்தையும் நான் ஒன்றாகக் கலந்துவிட்டேன். ஆதிரை, என் முதல் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆதிரை

மைக்கூடு ஐயா, நீங்கள் சொன்னபடி வேலைக்குக் கிளம்பும் முன் டார்ச்சோடு போனேன். கண்ணாடியின் மூலைத் தகட்டைத் துடைத்துவிட்டு, அண்ணன் சான்றிதழைப் படிக்க, நான் தகட்டைப் படித்தேன். பன்னிரண்டாவது குறியில் அண்ணன் "எஸ்" என்றார். நான் "ஐந்து" என்றேன். இருவரும் மீண்டும் முதலிலிருந்து படித்தோம். மறுபடியும் அதே இடத்தில் நின்றோம்.

கதவுத் தூணில் பார்த்தால் ஐந்து. எஞ்சின் அறையின் பின்சுவரில் தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தபோது, சுத்தியலால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தினாற்போல எழுத்துகள் வெளிவந்தன. அதிலும் ஐந்துதான், மேல் கோடு தட்டையாக, ஐயத்துக்கு இடமில்லாமல். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. களவு வண்டியா இது?

எண்கோலம்

ஆதிரை, பதறாதீர்கள். களவு வண்டியில் எண்ணை மாற்றுகிறவர்கள் தாளோடு பொருந்தும்படிதான் மாற்றுவார்கள். பொருந்தாமல் விட்டுவைக்க மாட்டார்கள். மூன்று இடத்திலும் வண்டி ஒரே பேச்சைப் பேசுகிறது, தாள் மட்டும் வேறு பேசுகிறது என்றால் தட்டச்சுப் பிழைக்கே வாய்ப்பு அதிகம். என்றாலும் முடிவு செய்ய வேண்டியது அலுவலகம்தான்.

இதைச் சோதிக்க ஒரு கணக்கு உண்டு. வட அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளில் ஒன்பதாவது குறி சரிபார்ப்பு இலக்கம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எடை. பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதி ஒன்பதாவது குறியோடு பொருந்த வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ் என்று எழுதுவார்கள். எஸ் எழுத்தின் மதிப்பு 2. ஆகவே எஸ் இருக்க வேண்டிய இடத்தில் 5 வந்தாலோ, 5 இருக்க வேண்டிய இடத்தில் எஸ் வந்தாலோ கணக்கு உடனே உதைக்கும். உங்கள் வண்டியின் ஒன்பதாவது குறி என்ன?

ஆதிரை

இசட்.

எண்கோலம்

அப்படியானால் அந்தக் கணக்கு இந்த வண்டிக்கு உதவாது. சரிபார்ப்புக் குறியாக இலக்கமோ எக்ஸோ மட்டும்தான் வரும். ஐரோப்பியத் தயாரிப்புகள் சிலவற்றில் அந்த இடத்தை இசட் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். எந்த இணையதளமாக இருந்தாலும் இந்தப் பிழை அதன் கண்ணில் படாமல் நழுவியிருக்கும்.

மைக்கூடு

ஆதிரை, மீதித் தொகையைக் கொடுக்க வேண்டாம். இணையத்திலும் எதையும் சமர்ப்பிக்க வேண்டாம். இப்போது சமர்ப்பித்தால் எஸ் என்ற எழுத்தோடு உங்கள் பெயருக்கு ஒரு புதிய சான்றிதழ் வந்துவிடும். அதன் பிறகு பிழை உங்களுடையதாகிவிடும்.

விற்பவரையும் வண்டியையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். நியமன நேரத்தை மட்டும் இணையத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு இணையம் மிக நல்லது. முதல் விற்பனை ரசீதும் சர்வீஸ் கோப்பும் கையில் இருக்கட்டும். அவற்றில் 5 என்றே இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும். "சேஸிஸ் எண்ணில் எழுத்துப்பிழைத் திருத்தம், அதன் பிறகு பெயர் மாற்றம்" என்று முதலிலேயே, இதே வரிசையில் சொல்லுங்கள். கோபமாகப் பேச வேண்டாம். கவுன்டரில் இருப்பவர் அந்தப் பிழையைச் செய்தவர் இல்லை.

தேன்மொழி

விற்பவரிடம் தயங்காமல் சொல்லுங்கள் ஆதிரை. நல்ல மனிதர்கள் என்றால் கூடவே வருவார்கள். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

முகிலன்

நியமன நேரம் வாங்கும்போது முகவரியை நீங்களே தட்டிப் போங்கள், தேடுபொறியில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். அரசு தளம் போலவே நிறம், சின்னம் எல்லாம் வைத்து இடைத்தரகர்கள் தளம் நடத்துகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் நேரத்துக்குக் கட்டணம் வாங்கி, அடையாள அட்டையின் நகலையும் எடுத்துக்கொள்கிறார்கள். என் தங்கை அப்படி ஏமாந்தாள்.

ஆதிரை

அனைவருக்கும் நன்றி. நேற்று போய் வந்தேன். இரவுப் பணி முடிந்து நேராக, தூங்காமல். விற்பவர் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். அவர் மனைவிதான் முதல் ரசீதைத் தேடி எடுத்திருக்கிறார். அதில் 5.

கவுன்டரில் இருந்த அம்மையார் கேட்டுவிட்டு, ஆய்வாளரை வெளியே அனுப்பினார். அவர் பானட்டைத் திறந்து, பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கை வாட்டில் பிடித்துத் தேய்த்தார். சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு குறியாக எழும்பி வந்தது. பன்னிரண்டாவது வந்தபோது நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை, விரலால் அந்த 5ஐ மட்டும் தொட்டுக் காட்டினார். அந்தத் தாள் இப்போது கோப்பில் இருக்கிறது.

பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்ததில், பதினோரு வருடத்துக்கு முன் முதல் பதிவின்போதே எஸ் என்று தட்டியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டும் புதுப்பித்தல் எல்லாம் இணையத்திலேயே நடந்ததால் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. திருத்தம் அங்கேயே முடிந்தது. பெயர் மாற்றத்துக்கு இருவரும் கையெழுத்திட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். இன்று காலை நிலையைப் பார்த்தேன், என் பெயர் வந்துவிட்டது. மீதித் தொகையையும் அனுப்பிவிட்டேன்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். விற்பவர் கொடுத்த காப்பீட்டுத் தாளை இப்போதுதான் விரித்துப் பார்த்தேன். அதிலும் எஸ் என்றுதான் இருக்கிறது. அடுத்த புதுப்பித்தலின்போது மாற்றிக்கொள்ளலாமா?

மைக்கூடு

வேண்டாம் அம்மா, அதுவரை பொறுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் மதிப்பீட்டாளர் முதலில் ஒப்பிடுவது அந்த எண்ணைத்தான். திருத்திய சான்றிதழின் நகலை இணைத்து, உங்கள் பெயருக்கு மாற்றவும் எண்ணைத் திருத்தவும் இன்றே ஒரே கடிதமாக எழுதுங்கள். திருத்தத் தாள் கைக்கு வரும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். இதை இணையத்திலேயே அனுப்பலாம். அனுப்பிவிட்டு முதலில் தூங்குங்கள்.